கழுவி வந்த கோடாலி

பழைய இரும்புக் கடையிலிருந்து துருப்பிடித்த கைக்கோடாலிகளை வாங்கிவந்து, கொல்லையில் கரி மூட்டிக் காய்ச்சி அடித்து, புதுக் காம்பு போடுவது என் பொழுதுபோக்கு. எதையும் இரவல் தரமாட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "கொஞ்சம் வெறகு கீறணும் அண்ணாச்சி, பொழுது சாயுமுன்ன தந்துருதேன்" என்றபோது மட்டும் மறுக்க முடியவில்லை.

சொன்னபடி தந்தார். ஆனால் கழுவித் தந்தார். விறகு கீறுகிறவன் எவனாவது கோடாலியைக் கழுவுவானா? அவர் வீட்டில் கேஸ் அடுப்பு வேறு. முந்தின நாள் அவர் மச்சினன் அம்பாசமுத்திரத்திலிருந்து சாக்குமூட்டையோடு வந்ததைப் பார்த்திருந்தேன். இப்போது மச்சினனையும் காணோம், மூட்டையையும் காணோம்.

கதவைச் சாத்திக்கொண்டு, கோடாலியை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கறை இல்லை. நான் பூசுவது மெஷின் எண்ணெய். இதில் தேங்காயெண்ணெய் வாசம். காம்பு நுழையும் இடுக்கில் மஞ்சளாக ஒரு நார் சிக்கியிருந்தது. தொட்டால் பிசின்போல ஒட்டியது. முகர்ந்தேன்.

பலாப்பழம்! பால் ஒட்டாமலிருக்க எண்ணெய் தடவிப் பிளந்திருக்கிறார்.

கொலையாக இருந்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். என் கோடாலியால் பிளந்துவிட்டு, ஒரு சுளை கொடுத்தாரா அந்த மனுஷன்?