சங்கரம்மாள் தோப்புக் குடித்தனக்காரர்கள்

பண்பொழியில் சங்கரம்மாளைப் போல ஒரு சுத்தக்காரி அன்றும் கிடையாது, இன்றும் கிடையாது. தண்ணீர்க் குடத்தை அவள் புளி போட்டுத் தேய்த்து வைத்தால், அதில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம். கோழி முற்றத்தில் நடந்தால் பின்னாலேயே வாரியலோடு போவாள். முட்டையிடுவதற்குக்கூட அந்தக் கோழிகள் பக்கத்து வீட்டுக்குத்தான் போயின என்று அவளுடைய அக்காள் குழல்வாய்மொழி சொல்வாள். கூடப் பிறந்தவள் சொல்வதில் கொஞ்சம் கூடுதல் இருக்கலாம், பொய் இருக்காது.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த ரத்தினம், மலைக்கு அந்தப் பக்கம் ஓர் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தான். சனிக்கிழமை வந்தால் திங்கட்கிழமை போய்விடுவான். எழுபத்தொன்பதில் ஒரு சனிக்கிழமை, அழுக்குத் துணி வரவேண்டிய பையில் முளைவிட்ட கொட்டைகள் வந்தன. மலையடிவாரத்தில் சும்மா கிடந்த ஒரு ஏக்கரில் எண்ணெய்ப்பனை வைக்கப்போகிறேன் என்றான்.

அந்த நிலம் அவனுக்கும் அவன் அண்ணன் குத்தாலிங்கத்துக்கும் பொது. குத்தாலிங்கத்துக்கு இலஞ்சியில் தென்னந்தோப்பு. உலகத்தில் தென்னையைத் தவிர மற்றதெல்லாம் களை என்பது அவருடைய கட்சி.

"தென்ன வச்சாத் தேங்கா வரும். இதுல என்னலே வரும்?"

"எண்ணெய் வரும்ணே."

"தேங்காயிலயும் எண்ணெய்தாம்லே வருது. கூடச் சட்னியும் வருது."

ரத்தினம் பையிலிருந்த கொட்டைகளை எண்ண ஆரம்பித்தான். கடைசியில் அண்ணனே இறங்கிவந்தார். "சரி, வச்சுப் பாரு. காய்க்கலன்னா வெட்டிட்டுத் தென்னதான்."

சங்கரம்மாள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கணவனின் அண்ணன் முன்னால் நேருக்கு நேர் நின்று பேசுவது அந்த வீட்டில் வழக்கமில்லை. சொல்லியே ஆகவேண்டியது ஏதாவது இருந்தால் கட்டிக் கிடக்கும் ஆட்டிடம் சொல்வாள். குத்தாலிங்கம் அதைக் கேட்டுக்கொண்டு, பதிலை வானத்தைப் பார்த்துச் சொல்வார். ஆட்டுக்கு இரண்டு பேர் பேசியதும் தெரியும். அது யாரிடமும் சொன்னதில்லை.

ரத்தினம் மலைக்கு அந்தப் பக்கம் இருக்க, கன்றுகளுக்கு ஓடைத் தண்ணீரைச் சுமந்து ஊற்றி வளர்த்தது சங்கரம்மாள்தான். கல்யாணமாகி வந்த அந்த வீட்டில், அவளுடையது என்று சொல்லிக்கொள்ள ஒரு பெட்டியும் ஒரு பித்தளைக் குடமும்தான் இருந்தன. நாலு வருஷத்தில் மரங்கள் அவள் உயரத்தைத் தாண்டியபோது, 'என் தோப்பு' என்று வாய் தவறிச் சொல்ல ஆரம்பித்தாள். வாய் தவறுவது பிறகு வழக்கமாயிற்று. அந்தத் தோப்புக்கும் முற்றத்தின் கதிதான். விழுந்த மட்டை கிடக்காது, புல் முளைக்காது. பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புவதுபோல் மரங்களைத் துடைத்து நிறுத்தியிருந்தாள்.

பூ வந்தது, காய் வரவில்லை. இந்தப் பனையில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. ஒரே மரத்தில் இரண்டும் வரும், ஆனால் சேர்ந்து வராது. ஒன்று விரிகிறபோது மற்றது தூங்கும். ரத்தினம் வேலைபார்த்த தோட்டத்தில் ஆண் பூவின் தூளை உதிர்த்து, முகப் பவுடரில் கலந்து, விரிந்த பெண் பூவைத் தேடிப்போய் ஊதிவிடுவார்களாம். அதற்கென்று ஆட்கள் இருந்தார்கள். பண்பொழியில் சங்கரம்மாள் இருந்தாள்.

தன் கல்யாணத்தன்றுகூட முகத்துக்குப் பவுடர் வேண்டாம் என்று அழுதவள் அவள். இப்போது பவுடர் டப்பாவை இடுப்பில் செருகிக்கொண்டு, முள் மட்டைக்குள் கையை விட்டுத் தட்டித் தட்டிப் போட்டாள். கடைக்கார ஹபீபுல்லா ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டார்.

"என்னம்மா, வீட்டுல கல்யாணமா? டப்பா டப்பாவா வாங்குதீங்க?"

"கல்யாணந்தான் பாய். மரத்துக்கு."

குத்தாலிங்கம் இலஞ்சியிலிருந்தே இதைக் கேள்விப்பட்டார். "பொம்பள போடாத பவுடர மரத்துக்குப் போடுத வீடு நம்ம வீடுதான்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பவுடரில் கொஞ்சம் காய் பிடித்தது. ஆனால் சாரல் தொடங்கினால் போட்டதெல்லாம் வழிந்து போய்விடும். குலையைப் பார்த்தால் பொக்கை வாய்போல அங்கொன்று இங்கொன்றாகக் காய் இருக்கும். நடுவில் கையை விட்டுக் கும்மியடிக்கலாம்.

எண்பத்தாறில் ரத்தினம் ஒரு புதுச் செய்தியோடு வந்தான். ஆப்பிரிக்காவிலிருந்து எள்ளளவு வண்டு ஒன்றைக் கொண்டுவந்து அங்கே தோட்டங்களில் விட்டிருக்கிறார்கள். ஆண் பூவில் தின்று, தூளைப் பூசிக்கொண்டு போய்ப் பெண் பூவில் உட்காருகிறது. பவுடரும் வேண்டாம், ஆளும் வேண்டாம். மேற்பார்வை பார்க்கும் ஏசுதாசனிடம் சொல்லி, வண்டு மொய்த்த ஆண் பூக்களைப் பழைய வேட்டியில் பொதிந்து ரயிலேறினான்.

அந்தப் பூவுக்குச் சோம்பு வாசனை. ரயில் மலைக் குகையைத் தாண்டும்போது பெட்டி முழுவதும் மணத்தது. எதிரே இருந்தவர் ஆசையோடு, "அண்ணாச்சி, பொதியில என்ன, பிரியாணியா?" என்றார். ரத்தினம் பதில் சொல்லுமுன் வேட்டி முடிச்சிலிருந்து வண்டுகள் வரிசையாகப் புறப்பட்டு அவர் மடியில் ஏறின. செங்கோட்டை வரைக்கும் ரத்தினத்துக்குப் படுத்துத் தூங்க இடம் கிடைத்தது.

மிச்ச வண்டுகள் தோப்பில் குடியேறின. இரண்டே மாதத்தில் ஆண் பூவெல்லாம் வண்டு. சங்கரம்மாள் பவுடர் டப்பாவை மூடி வைத்தாள். அத்தோடு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் பொங்கல் வந்தது. பொங்கலுக்கு வீட்டை ஒட்டடை அடித்து, வெள்ளையடித்து முடித்தவளுக்குத் தோப்பு கண்ணில் பட்டது. காய்ந்து கறுத்த ஆண் பூக்கள் மரத்துக்கு மரம் கருகிய விறகுபோல நீட்டிக்கொண்டிருந்தன. நல்ல நாளும் அதுவுமாக மரம் இப்படியா நிற்கும்? ஒன்று விடாமல் அறுத்து, கூட்டி, குவித்துத் தீ வைத்தாள்.

மாசியில் புதுப் பூ விரிந்தது. ஒரு வண்டையும் காணவில்லை.

ரத்தினம் ஏசுதாசனிடம் கேட்டுக்கொண்டு வந்து சொன்னான். "அது காய்ஞ்ச ஆண் பூவுக்குள்ளதான் முட்டையிடுமாம், சங்கரி. நீ தொட்டிலோட கொளுத்திட்ட."

அவள் அன்று சாப்பிடவில்லை. மறுநாளும் சரியாகச் சாப்பிடவில்லை. செய்தி தெரிந்து வந்த குத்தாலிங்கம் திட்டவில்லை. அவர் நல்ல மனுஷன். வானத்தைப் பார்த்து, "அடுத்த வருஷம் ஆடி வரைக்கும் பாப்போம். அதுக்குள்ள கொல நிறையலன்னா தென்னங்கன்னோட வருவேன்" என்றார். சங்கரம்மாள் ஆட்டுக்குக் குழை ஒடித்துப் போட்டாள்.

ரத்தினம் மறுபடியும் வண்டு கொண்டுவந்தான். இந்தத் தடவை ஏசுதாசன் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார்: காய்ந்த பூவைத் தொடாதே, வெட்டின மட்டையை அங்கேயே போடு, தோப்பைக் கூட்டாதே. சங்கரம்மாளுக்கு இதைவிடப் பட்டினி கிடக்கச் சொல்லியிருக்கலாம். துணைக்கு வந்து தங்கிய குழல்வாய்மொழிதான் அவளைக் கட்டி மேய்த்தாள்.

"ஏட்டி, எங்க போற வாரியலோட?"

"பாதைய மட்டும் கூட்டுதேன்க்கா."

"பாதை எங்க முடியுதுன்னு ஒனக்குத் தெரியாது. வை கீழ."

கூட்டாத தோப்பில் புல் முளைத்தது. மட்டைத் தழும்புகளில் மரத்தைச் சுற்றிப் பெரணி படர்ந்தது. மட்டைக் குவியலுக்குத் தவளை வந்தது. தவளையைத் தேடிச் சாரைப்பாம்பு வந்தது. பாம்பைத் தேடிக் கீரி வந்தது. செம்போத்துப் பறவை ஒன்று பெரிய மனிதர்போல் கையைப் பின்னால் கட்டிக்கொண்ட நடையில் தினமும் மேற்பார்வை பார்த்தது. தூக்கணாங்குருவிகள் ஓலையை நாராகக் கிழித்துக்கொண்டு போய் ஓடைப் பக்கம் வீடு கட்டின. 'கேட்டுட்டுக் கிழிச்சா என்ன?' என்று சங்கரம்மாள் அவற்றோடு சண்டைக்கு நின்றாள். உடும்பு ஒன்று அவளைப் பார்த்தது, அவள் உடும்பைப் பார்த்தாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு திசையில் ஓடினார்கள்.

"வாடகை தராத குடித்தனம் இத்தனையா!" என்று அக்காளிடம் புலம்பினாள். ஆனால் சாரையை இரண்டு நாள் காணாவிட்டால், "எங்க போச்சு அந்த மூதி?" என்று தேடியதும் அவள்தான்.

மறு வருஷம் பங்குனியில் குத்தாலிங்கம் முதுகில் ஸ்பிரேயரோடு வந்து நின்றார். தென்னையைக் காண்டாமிருக வண்டு குடைந்து, அதற்கு மருந்தடித்து அலுத்தவர் அவர். தம்பி தோப்பிலும் வண்டு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். தம்பி ஊரில் இல்லை, பாவம், நாமே அடித்துக் கொடுப்போம் என்ற நல்லெண்ணம். மரங்களை அண்ணாந்து பார்த்தவர், "எல்லாப் பூவுலயும் வண்டுல்ல மொய்க்கு!" என்று பதறிக் குழாயைத் தூக்கினார்.

சங்கரம்மாள் ஆட்டைத் தேடினாள். ஆடு மேயப் போயிருந்தது.

"அடிக்காதிய!"

அவள் குரல் அவ்வளவு பெரிது என்று அவளுக்கே தெரியாது. ஓடிப்போய் மரத்துக்கும் அவருக்கும் நடுவில் நின்றாள். "அது என் வண்டு! ரயில்ல வந்த வண்டு! ஒரு தரம் நான் கொன்னது போதும். நீங்களும் கொல்லாதிய!"

குத்தாலிங்கத்துக்கு வானத்தைப் பார்க்கவும் மறந்துவிட்டது. அவள் கண்ணீரைப் பார்த்தார். குழாயைக் கீழே விட்டார். "சொன்னாத்தானே தெரியும்" என்று முணுமுணுத்துவிட்டு, மருந்து சிந்தாமல் மெதுவாக நடந்து வெளியே போனார். "ஆனா ஆடி ஆடிதான்" என்பதை மட்டும் வரப்பில் நின்று சொன்னார்.

சொன்னபடி ஆடியில் வந்தார், மாட்டுவண்டி நிறையத் தென்னங்கன்றோடு. சாரல் விழுந்துகொண்டிருந்தது. பேசாமல் முதல் மரத்துக்குப் போய்க் குலைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். விரல் போகவில்லை. அடுத்த மரம், அதிலும் போகவில்லை. காய்கள் ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டு, திருவிழாக் கூட்டம்போல் சிவந்து நின்றன. மூன்றாவது மரத்தில் ஒரு பக்கம் குலை காலியாக இருந்தது.

"பாத்தியா, இது நிறையல."

"நிறைஞ்சுதான் இருந்துச்சு. நேத்து மரநாய் தின்னுட்டு" என்றாள் சங்கரம்மாள், அவர் முகத்தைப் பார்த்தே.

மரநாய் கடித்துப்போட்ட ஒரு பழத்தைக் குத்தாலிங்கம் எடுத்து நசுக்கினார். விரலெல்லாம் எண்ணெய். அதை வேட்டியில் துடைக்கலாமா என்று யோசித்து, மரத்திலேயே துடைத்தார். "மரநாய் ஏமாறாது" என்றார். "சரி, ஒன் தோப்பு இருக்கட்டும்."

வாய் தவறிச் சொன்னாரா, தெரிந்து சொன்னாரா என்று அவள் கேட்கவில்லை.

வண்டியைத் திருப்ப அந்தப் பாதையில் இடமில்லை. கன்றுகளையெல்லாம் இறக்கி வைத்தால்தான் வண்டி திரும்பும். இறக்கி முடிப்பதற்குள் சாரல் மழையாகிவிட்டது.

"கன்னு இங்கனயே கிடக்கட்டும். நாளைக்கு வந்து எடுத்துக்கிடுதேன்."

"கிடக்கட்டும், எனக்கென்ன?" என்றாள் சங்கரம்மாள். "ராத்திரி முள்ளம்பன்னி வரும். அதுக்குத் தென்னங்குருத்துன்னா உசிரு."

"முள்ளம்பன்னியுமா இருக்கு இங்க?"

"போன மாசந்தான் குடி வந்துச்சு."

குத்தாலிங்கம் வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு, மேல்துண்டைத் தலையில் கட்டிக்கொண்டார். கொட்டுகிற மழையில் ஒவ்வொரு கன்றாகத் தூக்கி வண்டியில் திரும்ப அடுக்க ஆரம்பித்தார். சங்கரம்மாளும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, இந்தப் பக்கம் நின்று எடுத்துக் கொடுத்தாள்.