மிக்ஸ் மாஃபி

அமீரகத்தில், அல் ஐன் நகரத்துக் கட்டடக் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்ததும் என்னை நம்பித் தனியாகக் கொடுத்த முதல் வேலை, ஒரு வில்லாவின் முகப்பை வரைவது. இங்கிலாந்தில் படித்த ஓர் அரபி, அங்கே தான் அடிக்கடி போய்வந்த பழைய கிராமத்து மாளிகை போலவே வீடு கேட்டிருந்தார். முகப்பு அவருக்குப் பிடித்தால்தான் என் வேலை நிரந்தரம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் முதன்முதலில் கல்லூரிக்குப் போனவன் நான். "வேலை நிரந்தரமாயிருச்சாப்பா?" என்று அப்பா வாராவாரம் போனில் கேட்பார்.

அந்த மாளிகையின் கதையைத் தேடிப் படித்தேன். முதலில் கட்டியவர் நடுக்கூடத்தை மட்டும் பழுப்புக் கல்லில் எழுப்பினார். பிறகு பேரன் இடப்பக்கம் ஒரு கட்டு சேர்த்தார். அதற்குள் பழைய குவாரியில் கல் தீர்ந்துபோனதால், கிடைத்த வெளிர்மஞ்சள் கல்லை வைத்தார். தாத்தா எது, பேரன் எது என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம். அரபிக்கு வேண்டியதும் அதுதான். இரண்டு நிறமும் சேருமிடத்தில் பளிச்சென்று ஒரு கோடு போட்டு வரைந்தேன்.

அவர் பார்க்க வரும் நாள் காலையில் சைட்டுக்குப் போனால், கோட்டைக் காணோம். ஆள் உயரத்துக்கு மிக்சர் கொட்டியதுபோல் நிற்கிறது சுவர்.

"என்னண்ணே இது?"

ஃபோர்மேன் அண்ணன் புதுக்கோட்டைக்காரர். "ஏன், நல்லாத்தானே இருக்கு? கல்லு ரெண்டு கலர்ல வந்திருச்சு. அப்படியே ஒட்டுனா திட்டுத்திட்டாத் தெரியும்ல? அதான் பெட்டி எல்லாத்தையும் பிரிச்சுக் கலந்து ஒட்டச் சொன்னேன்."

டைல்ஸ், கல் ஒட்டுகிறவர்கள் எங்கேயும் செய்வதுதான். பெட்டிக்குப் பெட்டி நிறம் லேசாக மாறும். கலந்து ஒட்டினால் கண்ணில் படாது.

"டிராயிங்ல ரெண்டு கலர் போட்டிருந்தேனேண்ணே!"

"எங்களுக்குக் கறுப்பு வெள்ளை பிரிண்டுதான தம்பி வந்துச்சு?"

அதற்குள் அரபியின் கார் வந்துவிட்டது. இறங்கியவர் சுவரையே பார்த்தார். மேனேஜர் என்னையே பார்த்தார். நடந்ததை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். பெட்டி பெட்டியாகக் கலக்கும் பழக்கத்தையும் விளக்கி, வேண்டுமானால் பெயர்த்து ஒட்டலாம் என்றேன்.

அவர் சுவரைத் தடவிப் பார்த்தார். "அங்கே பேரனுக்குக் கல் தீர்ந்துபோனது. எனக்குக் கலந்துபோனது. என் வீட்டுக்கும் ஒரு கதை வந்துவிட்டது" என்று சிரித்தார். ஃபோர்மேன் பக்கம் திரும்பினார். "பாய், யே டீக் ஹை. அப் மிக்ஸ் மாஃபி. கலாஸ்!"

இந்தியும் அரபியும் கலந்த சைட் பாஷை அது. இது இருக்கட்டும், இனிமேல் கலக்காதே என்று அர்த்தம். அண்ணன் நெஞ்சில் கைவைத்துத் தலையாட்டினார்.

காரில் திரும்பும்போது மேனேஜர் சொன்னார்: "கட்டினது எப்படியோ அப்படியே டிராயிங்கை மாத்திடு. நிரந்தரம் பண்ண எச்.ஆர்.கிட்ட சொல்லிடறேன்."

அன்றே மாற்றினேன். தாத்தாவுக்குப் பழுப்பு, பேரனுக்கு மஞ்சள், புதுக்கோட்டைக்கு இரண்டும் கலந்த புள்ளிகள். மறக்காமல் கலர் பிரிண்ட் எடுத்துக்கொண்டுபோய், அரபி ஆங்கிலத்தில் சொன்னதையும் சொல்லி அண்ணனிடம் கொடுத்தேன்.

விரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதை முன்னாடியே குடுத்திருந்தா, அந்த அரபிக்குக் கதையே கிடைச்சிருக்காதே தம்பி!"