எத்தனை வருடம்?

அண்ணியின் லைசென்ஸ் அட்டை என் கைப்பையில் இருக்கிறது. ஓரமெல்லாம் பிரிந்து, பிளாஸ்டிக் உறை மஞ்சளாகிவிட்டது. படத்தைப் பார்ப்பவர்கள் ஆணா பெண்ணா என்று ஒரு கணம் தடுமாறுவார்கள். மொட்டைத் தலை. புருவமும் இல்லை. நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு, காதில் கல்யாணத் தோடு. 'என்ன பார்க்கிற?' என்று கேட்கிற முகம். அரசாங்க அட்டை ஒன்றில் இவ்வளவு திமிரான முகத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அண்ணி சுங்கை லாலாங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். அவர் காலத்தில் அந்தத் தோட்டத்தில் கார் ஓட்டிய பெண் அவர் ஒருவர்தான். எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஏற்றும் லாரிகள் போகும் செம்மண் சாலையில் ஓட்டிப் பழகினார். "பொம்பளைக்கு எதுக்கு ஸ்டேரிங்?" என்று கேட்டவர்களையே பிறகு பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனார். வழி நெடுக அந்தக் கேள்வியை அவர்களுக்கு நினைவுபடுத்தவும் தவறமாட்டார். என் அண்ணனைக் கட்டிக்கொண்டு சுங்கை பட்டாணி டவுனுக்கு வந்த பிறகும் பழைய கஞ்சில் காரின் சாவி அண்ணியிடம்தான். அண்ணன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து குறட்டை விடுவார்.

பிறகு அண்ணியின் மார்பில் கட்டி வந்தது. அறுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். எல்லாம் முடிந்து, இனி என்ன ஆகும் என்று கேட்டபோது நேர்மையான மனிதரான டாக்டர், "இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது" என்றார். அந்த 'இப்போதைக்கு' என்ற சொல்லை அண்ணன் வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டார். பெரிய எண்ணெய் டின் வாங்குகிற வீட்டில் சின்ன போத்தல் வந்தது. இப்போதைக்கு இது போதும். தீபாவளிக்குத் திரைச்சீலை மாற்ற வேண்டாம், இப்போதைக்குப் பழசே இருக்கட்டும். அண்ணியைக் காரின் பின் சீட்டில் தலையணை வைத்து உட்காரவைத்து, அண்ணன் தட்டுத்தடுமாறி ஓட்டினார். கொடுமைக்காரர் இல்லை அவர். பயந்துபோன மனிதர், அவ்வளவுதான். பார்க்க வந்தவர்களும் குரலைத் தணித்து 'அந்த நோய்' என்றே சொன்னார்கள். அண்ணி ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "எனக்கு வந்தது கேன்சரு, பாப்பா. இந்த வூட்டுக்கு வந்தது இப்போதைக்கு. ரெண்டாவதுக்குத்தான் மருந்தே இல்ல."

வீட்டில் கடைக்குட்டி என்பதால் எனக்குப் பாப்பா என்று பெயர். தலை நரைத்த பிறகும் மாறவில்லை.

அந்தச் சமயத்தில்தான் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அண்ணன் "இப்போதைக்கு" என்று வாயெடுத்தார். அண்ணி முறைத்த முறைப்பில் மிச்சத்தை விழுங்கிவிட்டார். மூவரும் கிளம்பினோம். முதலில் போட்டோ கடை. கூந்தல் இருந்த காலத்துப் படம் ஒன்றை அண்ணன் சட்டைப்பையில் ரகசியமாக வைத்திருந்தார். அண்ணி அதை வாங்கிப் பார்த்து, "யாரு இந்தப் பொம்பள? நல்லாத்தான் இருக்கா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுத் தலைத்துணியை அவிழ்த்தார். சீனக் கடைக்காரர் தைப்பூசத்துக்கு முடி இறக்கினீர்களா என்று மலாயில் கேட்டார். தமிழ்ப் பெண்கள் மொட்டையோடு வந்தால் வேறென்ன நினைப்பார் பாவம்! ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் கதை முடிந்திருக்கும். அண்ணி, "புக்கான் தவுக்கே, கேன்சர்", இல்லை முதலாளி, கேன்சர் என்று கடை முழுவதற்கும் கேட்கச் சொன்னார். கடைக்காரர் விளக்கைச் சரிசெய்து, தாடையைக் கொஞ்சம் உயர்த்தச் சொன்னார். அந்தத் தாடை பிறகு இறங்கவே இல்லை.

அங்கிருந்து தபால் நிலையம். கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் அண்ணியின் தலையைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். பிறகு சங்கடப்பட்டு, பக்கத்தில் நின்ற அண்ணனைப் பார்த்து வழக்கமான கேள்வியைக் கேட்டாள். "பெராப்பா தாஹூன்?" எத்தனை வருடத்துக்கு? நம் நாட்டில் ஒன்றிலிருந்து ஐந்து வரை எது வேண்டுமானாலும் சொல்லலாம். அன்றாடம் ஆயிரம் பேரிடம் கேட்கிற கேள்வி. அன்றைக்கு மட்டும் அது டாக்டரிடம் நாங்கள் கேட்க முடியாத கேள்வியாக என் காதில் விழுந்தது. அண்ணன் குரலே எழும்பாமல், "சத்து" என்றார். ஒன்று.

அண்ணி கவுண்டரைத் தட்டினார். "தாஞா சாயா லாஹ்!" என்னைக் கேள் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினார். "என் லைசென்ஸ்லாஹ். என் படம். வருசத்த மட்டும் நீங்க எதுக்குச் சொல்றீங்க?" வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அண்ணன் கண்ணில் நீர் தளும்பி நின்றது. அண்ணி இரங்கவில்லை. அந்தப் பெண் மெதுவாக அவரைப் பார்த்து மறுபடி கேட்டாள். "லீமா," என்றார் அண்ணி. ஐந்து. கேட்டதும் எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. திரும்பி வரும்போது அண்ணிதான் ஓட்டினார். தலையணை பின் சீட்டில் தனியாக வந்தது.

அவருக்குப் பயமே இல்லை என்று எழுதினால் அது பொய். சோதனைக்குப் போகும் வாரங்களில் சாப்பாடு இறங்காது. ஒருமுறை ஜித்ராவில் இருந்த அவர் தங்கை வீட்டுக்கு என்னை ஏற்றிக்கொண்டு போனார். மறுநாள் ஆஸ்பத்திரியில் ரிசல்ட். வழியில் காரை ஓரங்கட்டி, கதவைத் திறந்து வாந்தி எடுத்தார். வாயைக் கொப்பளித்துவிட்டு ஸ்டேரிங்கைப் பிடித்த கை நடுங்கியது. "பயமா இருக்கா அண்ணி, நான் ஓட்டவா?" என்றேன். "பயமாத்தான் இருக்கு. அதுக்காகப் பின்னால போயி குந்தணுமா?" என்று கியரைப் போட்டார். தைரியம் என்றால் பயம் தீர்ந்த பிறகு வருவது என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, நடுங்கும் கையாலும் கியர் மாற்றலாம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஐந்து வருடம் அவர் இருக்கவில்லை. நோய் முதுகெலும்பில் திரும்பி வந்தது. அட்டை காலாவதியாகும் முன்பே போய்விட்டார். சாவு வீட்டிலேயே ஒரு உறவுக்காரர், "அஞ்சு வருசம் போட்டுச்சு, பாவம்" என்று உச்சுக்கொட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணி யாரிடமும் பந்தயம் கட்டவில்லையே, தோற்றதாகச் சொல்ல! ஐந்து என்று சொன்ன நாளிலிருந்து அந்த வீட்டில் பெரிய எண்ணெய் டின் திரும்பி வந்தது. புதுத் திரைச்சீலை தொங்கியது. கடைசி மாதங்கள் தவிர மற்ற நாளெல்லாம் அவர் சாவியை யாரிடமும் கொடுக்கவில்லை. ஒரு வருடம் என்று போட்டிருந்தால், ஒவ்வொரு வருடமும் அந்தக் கவுண்டரில் நின்று செத்துச் செத்துப் பிழைத்திருப்பார். இதை அந்த உறவுக்காரரிடம் அங்கேயே சொன்னேன். அதிலிருந்து அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதில்லை. நல்லதுதான்.

இப்போது என் முறை. என் மார்பிலும் ஒரு கட்டி. ஊசியால் சதை எடுத்து அனுப்பியிருக்கிறார்கள், முடிவு இன்னும் வரவில்லை. போன வாரம் என் லைசென்ஸ் முடிந்தது. இப்போதெல்லாம் போனிலேயே புதுப்பித்துவிடலாம், அட்டைகூடத் தேவையில்லை. ஆனாலும் கவுண்டருக்குத்தான் போவேன் என்று பிடிவாதமாகக் கிளம்பினேன். நான் ஓட்டினேன். அண்ணன் பக்கத்து சீட்டில் வந்தார். இந்த முறை தூங்கவில்லை.

கவுண்டரில் இருந்த இளைஞன் அதே கேள்வியைக் கேட்டான். இப்போது பத்து வருடம் வரை போடலாம் என்றும் சொன்னான். வீட்டிலிருந்து நான் ஒத்திகை பார்த்து வந்த சொல் வெளியே வரவில்லை. அந்தப் பையன் காத்திருந்து பார்த்துவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினான். அண்ணனின் கை கவுண்டர் விளிம்பைப் பிடித்திருந்தது. அவருக்கும் பயம்தான், இரண்டாம் தடவை பயம்.

"தாஞா டியா லாஹ்," என்றார். அவளைக் கேள். சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

"செப்புலோ," என்றேன். பத்து. குரல் நடுங்கியது. நடுங்கட்டும்.

வெளியே வந்து காரில் உட்கார்ந்து, சாவிக்காகக் கைப்பையைத் துழாவியபோது முதலில் கையில் வந்தது அந்தப் பழைய அட்டை. மொட்டைத் தலை, பெரிய பொட்டு, உயர்ந்த தாடை. என்ன பார்க்கிற? வண்டிய எடு, பாப்பா.