டிரம் லெவலும் நான் கையெழுத்திட்ட இரண்டு அறிக்கைகளும்

1. முதல் நாள்

திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகும் சாலையில் ஒரு ரசாயனத் தொழிற்சாலை. அங்கே இருபத்திரண்டு வருடம் இன்ஸ்ட்ருமென்ட் இன்ஜினியராக இருந்தேன். பாய்லருக்கு எவ்வளவு தண்ணீர் விடுவது, எவ்வளவு எரிபொருள் கொடுப்பது என்பதைக் கம்ப்யூட்டர் தானாகத் தீர்மானிக்கும்படி அமைத்துக் கொடுப்பது என் வேலை. இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்கள் சிலர் என்னிடம் கன்ட்ரோல் லூப் என்ற அந்த அமைப்பை டியூன் செய்வது பற்றிக் கேட்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது தேசிங்கு அண்ணனைப் பற்றித்தான்.

பாய்லர் பேனலில் அவர் சீனியர் ஆபரேட்டர். தண்டையார்பேட்டைக்காரர். காதில் எப்போதும் பஞ்சு வைத்திருப்பார். அதனால் பக்கத்தில் இருப்பவரிடமும் தெருவுக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவார்.

பாய்லரின் உச்சியில் டிரம் என்ற இரும்பு உருளை இருக்கும். பாதி தண்ணீர், பாதி நீராவி. தண்ணீர் குறைந்தால் குழாய்கள் காய்ந்து வெடிக்கும். கூடினால் நீராவியோடு தண்ணீரும் சேர்ந்து போய்விடும். அந்த மட்டத்தை நடுவில் நிறுத்துவதற்குப் பெயர் டிரம் லெவல் கன்ட்ரோல்.

நான் சேர்ந்த அன்று பக்கத்துப் பிளான்டில் நீராவி வால்வைச் சட்டென்று திறந்தார்கள். திரையில் டிரம் லெவல் ஏறியது. தேசிங்கு அண்ணன் லூப்பை ஆட்டோவிலிருந்து மேனுவலுக்கு மாற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

"லெவல் ஏறுது. தண்ணிய குறைக்காம நிக்கிறீங்களே?" என்றேன்.

"ஏறல மேடம். ஏறுன மாரி காட்டுது. ஆவிய ஒரேடியா இஸ்துட்டானுங்கோ, உள்ள தண்ணி பொங்குது. சொம்மா ரெண்டு நிமிஷம் இரு, தானா எறங்கும் பாரு."

இறங்கியது. அவர் தண்ணீரைக் கூட்டினார். மட்டம் நடுவில் வந்து நின்றது.

கணிதத்தில் இதற்கு இன்வர்ஸ் ரெஸ்பான்ஸ் என்று பெயர். போக வேண்டிய திசைக்கு எதிராகக் கொஞ்ச தூரம் போய்விட்டு, பிறகு சரியான திசைக்குத் திரும்பும் சிஸ்டம். எம்.ஈ. பரீட்சையில் அதன் சமன்பாட்டை ஒரு பக்கத்துக்கு எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான். ஆனால் அன்று என் கண்ணில் பட்டது, ஆட்டோவில் ஓட வேண்டிய லூப்பில் ஓர் ஆபரேட்டர் கை வைக்கிறார் என்பது மட்டும்தான்.

2. பாஸ்வேர்டு

பல வருடங்கள் கழித்து, எத்தனை லூப் ஆட்டோவில் ஓடுகிறது என்று தலைமை அலுவலகம் கணக்கெடுக்க ஆரம்பித்தது. அப்போது நான் பிரிவுக்குத் தலைவி. டிரம் லெவல் லூப்பை ஆபரேட்டர்கள் அடிக்கடி மேனுவலுக்கு மாற்றியிருந்தது எனக்கு அவமானமாக இருந்தது.

நீராவி எவ்வளவு போகிறது என்று காட்டும் மீட்டர் அடிக்கடி பழுதாகும். நீராவி கூடினால் தண்ணீரையும் கூட்டச் சொல்லும் அந்த சிக்னலை எடுத்துவிட்டேன். மட்டத்தை மட்டும் பார்த்துத் தண்ணீர் வால்வை இயக்கும்படி மாற்றி, மட்டம் கொஞ்சம் அசைந்தாலும் வால்வு அதிகம் திரும்பும்படி கெயினைக் கூட்டினேன். சாதாரண நாட்களில் திரையில் கோடு நூல் பிடித்தாற்போல் ஓடியது. எல்லோரும் பாராட்டினார்கள். பிறகு, மேனுவலுக்கு மாற்ற முடியாதபடி பாஸ்வேர்டு போட்டேன்.

தேசிங்கு அண்ணன் என் அறைக்கே வந்தார். "இன்னா மேடம், பூட்டு போட்டுட்ட? அவசரத்துக்கு நா இன்னா பண்றது?"

"அவசரமே வராதுண்ணா. அதுக்குத்தான் டியூன் பண்ணியிருக்கேன்."

அடுத்த மாதமே மட்டம் குறைந்து பாய்லர் டிரிப் ஆனது, பாதுகாப்புக்காகத் தானே அணைந்தது. காரணத்தை நான் தேடவில்லை. ஷிஃப்டில் இருந்தவர் அவர். கவனக்குறைவு என்றும், இன்னொரு முறை டிரிப் ஆனால் நடவடிக்கை எடுக்கப்படும் என்றும் அவருக்கு மெமோ கொடுத்தேன். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். அன்றைக்கு மட்டும் சத்தமாகப் பேசவில்லை.

3. அந்தக் காலை

பதினொரு மணி இருக்கும். நான் அலுவலகக் கட்டடத்தில் மீட்டிங்கில் இருந்தேன். போன் வந்தது.

"மேடம், பாஸ்வேர்டு சொல்லு. ஆவிய ஒரேடியா இஸ்துட்டானுங்கோ, லெவல் ஏறுன மாரி காட்டுது, வால்வு தண்ணிய மூடிகினு கீது. அப்பால கட கடன்னு எறங்கிரும்."

"ஆட்டோ பாத்துக்கும்ணா. கை வைக்காதீங்க."

போனை வைத்துவிட்டேன். அந்த உரையாடல் கால் நிமிடம்கூட இருக்காது.

மட்டம் இறங்க ஆரம்பித்ததும் அவர் கன்ட்ரோல் ரூமிலிருந்து பாய்லருக்கு ஓடினார். தண்ணீர் லைனில் கையால் திறக்கும் பைபாஸ் வால்வு ஒன்று உண்டு. அதைத் திறந்தால் பாய்லர் டிரிப் ஆகாமல் தப்பிக்கும் என்று நினைத்தார். சக்கரத்தைத் திருப்பும்போது வால்வில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் பிய்த்துக்கொண்டது. கொதிநீர் பிரஷரோடு அவர் மேல் அடித்தது.

ஐந்து நாள் தீக்காய வார்டில் இருந்தார். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தேன். முகம் முழுக்கக் கட்டு. என் குரலைக் கேட்டதும், "டிரிப் ஆயிடுச்சா மேடம்?" என்றார்.

ஆகியிருந்தது. "இல்லண்ணா" என்றேன்.

"அப்போ மெமோ வராது" என்றார்.

அதற்குப் பிறகு அவர் பேசிக் கேட்கவில்லை. ஐந்தாம் நாள் இறந்துபோனார்.

4. இரண்டாவது அறிக்கை

முதல் அறிக்கையை நிர்வாகமே தயாரித்தது. ஆபரேட்டர் விதிமுறையை மீறி, அனுமதி இல்லாமல் பைபாஸ் வால்வைத் திறந்தார் என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டேன். குடித்துவிட்டு வந்து வால்வைத் திறந்துவிட்டான் என்று வெளியே யாரோ கிளப்பிவிட்டார்கள். அதையும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன்.

மூன்று வாரம் கழித்து, பதிவேட்டுக்காக அன்றைய டிரெண்டை, அதாவது கம்ப்யூட்டர் வரைந்து வைத்த கோடுகளை, எடுத்தேன். லெவல் மேலே போகிறது, என் கன்ட்ரோலர் தண்ணீரை மூடுகிறது, லெவல் செங்குத்தாக விழுகிறது. அவர் போனில் சொன்னது அப்படியே திரையில் இருந்தது. முந்தைய டிரிப்பின் டிரெண்டையும் எடுத்துப் பார்த்தேன். அதே படம். விபத்து நாளின் டிரெண்டுக்குக் கீழே கம்ப்யூட்டர் பதிவுசெய்த வரிகள்: தவறான பாஸ்வேர்டு. தவறான பாஸ்வேர்டு. தவறான பாஸ்வேர்டு. போனை வைத்த பிறகு, ஓடுவதற்கு முன், மூன்று முறை முயன்றிருக்கிறார்.

இரண்டாவது அறிக்கையை நானே எழுதினேன். காரணம் என்ற இடத்தில் என் டியூனிங்கையும் பாஸ்வேர்டையும் என் பெயரையும் எழுதினேன்.

மேனேஜர் படித்துவிட்டு மேஜைமேல் போட்டார். "செத்தவர் திரும்பி வரப்போறதில்ல மேடம். நீங்க ஏன் தலையைக் குடுக்கறீங்க?"

"மெமோல நான் எழுதினது பொய் சார். அத மாத்தணும்."

ஆறு மாதம் என்னை ஆவணப் பிரிவில் உட்கார வைத்தார்கள். பாஸ்வேர்டை நீக்கினார்கள், நீராவி மீட்டரைப் புதிதாக வாங்கிப் பொருத்தினார்கள். நடந்தது அவ்வளவுதான்.

அறிக்கையின் நகலோடு தண்டையார்பேட்டைக்குப் போனேன். ஹவுசிங் போர்டு பிளாக்கில் இரண்டாவது மாடி. அவர் மனைவி எல்லம்மா கதவைத் திறந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"இங்க வோணாம். கீய வா. எல்லார் முன்னாலயும் படி" என்றார்.

பிளாக்கில் இருந்தவர்கள் கீழே கூடியதும், மாடிப்படியில் நின்று படித்தேன். இங்கிலீஷில் இருந்ததை வரி வரியாகத் தமிழில் சொன்னேன். பால் பொங்கும்போது பாத்திரம் நிறைந்த மாதிரித் தெரிகிறதே, மட்டம் ஏறினதாகக் காட்டியதும் அதுபோலத்தான் என்றேன். சுற்றி நின்ற பெண்கள் உடனே தலையாட்டினார்கள். தேசிங்கு அண்ணனின் தம்பி, "அப்போ எங்க அண்ணன் குடிக்கல?" என்று கேட்டார்.

"இல்ல. அவர் சரியாத்தான் சொன்னாரு. நான் கேக்கல."

எல்லம்மா காகிதத்தைக் கேட்டு வாங்கினார். "உன் பேரு எங்க கீது?" என்றார். காட்டினேன். அந்த இடத்தில் விரலை வைத்தார்.

"வந்து சொன்ன பாரு, அது போதும். இனிமே இங்க வராத."

ஆவணப் பிரிவிலிருந்து திரும்பி வந்த பிறகு ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். எந்த லூப்பைத் தொடுவதற்கு முன்னும் ஒரு ஷிஃப்ட் முழுக்க ஆபரேட்டர் பக்கத்தில் உட்காருவேன். எப்போது மேனுவலுக்கு மாற்றுகிறார், ஏன் மாற்றுகிறார் என்று கேட்டு எழுதிக்கொள்வேன். பெரும்பாலும் அவர்களிடம் ஒரு காரணம் இருந்தது. அதைக் கேட்ட பிறகுதான் கெயினில் கை வைப்பேன். டியூனிங் பற்றி எனக்குத் தெரிந்தது இதுதான்.

எல்லம்மா சொன்னபடி, அந்தப் பக்கம் நான் திரும்பப் போகவில்லை.