புழுவுக்கு நல்ல தண்ணி

1. குடம்

“ஏளா, குடிக்கதுக்கே இந்த ஒரு குடந்தான் கெடக்கு. ஒன் புழுவுக்கு நல்ல தண்ணி கேக்குதோ?”

அம்மா கத்தக் கத்தக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு லேபுக்கு நடையைக் கட்டினேன். 1940-களின் கடைசி அது. தூத்துக்குடியில் ஒரு கல்லூரியின் விலங்கியல் லேபில் தற்காலிக அசிஸ்டென்ட் நான். அப்பா இல்லாத வீட்டில் என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. போஸ்ட் நிரந்தரமாவது புரொபசர் கையில் இருந்தது. மெட்ராஸ்காரர். “புழுவை நல்ல தண்ணியில போட்டு வைம்மா” என்று சொல்லியிருந்தார். சொன்னதைச் செய்தேன்.

அந்தப் புழு உப்பளத்து ஓரக் குட்டைகளில் சிவப்பாக நெளியும். வளர்ந்தால் கொசு மாதிரி இருக்கும், கடிக்காது, பாவம். அதன் எச்சில் சுரப்பியில் ஒவ்வொரு செல்லும் பெரிது, நியூக்ளியஸும் பெரிது. இரண்டு சாயம் போட்டால் குரோமோசோம் பச்சையாகவும் ஆர்.என்.ஏ. ரோஸாகவும் தெரியும். குரோமோசோம் சில இடங்களில் வளையமாகப் புடைத்திருக்கும். ரோஸ் அங்கேதான் அப்பிக் கிடக்கும். மெசஞ்சர் ஆர்.என்.ஏ. என்ற பெயரெல்லாம் அன்று யாருக்கும் தெரியாது. எங்களுக்கு அது வெறும் ரோஸ். அது வளையத்திலிருந்து நியூக்ளியஸின் விளிம்புக்கு எப்படிப் போகிறது என்பதுதான் எங்கள் கேள்வி.

புரொபசரிடம் விடை தயாராக இருந்தது.

“ஹார்பர்ல டிராலி போற தண்டவாளம் பாத்திருக்கே இல்ல? உள்ளே அந்த மாதிரி லைன் இருக்கணும். அதைக் காட்டிடு, போஸ்ட் உனக்குத்தான்.”

2. லைன்

காட்டிவிட்டேன்! ஸ்லைடில் வளையத்திலிருந்து விளிம்பு வரைக்கும் ரோஸ் கோடுகள். மனுஷர் நாற்காலியைத் தள்ளிவிட்டுக் குதித்தார். அப்போதே மெட்ராஸ் யுனிவர்சிட்டிக்கு எழுத உட்கார்ந்து, செய்முறையை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்.

“குட்டைத் தண்ணியை வடிகட்டி, புழுவை அதுல வச்சு…”

“குட்டைத் தண்ணியா? சார் நல்ல தண்ணின்னுல்லா சொன்னிய?”

“ஆமா. நல்ல தண்ணின்னா சுத்தமான தண்ணி.”

“எங்க ஊர்ல நல்ல தண்ணின்னா குடிக்கிற தண்ணி சார். வீட்ல இருந்து ஒரு குடம் கொண்டாந்தேன்.”

பேனா நின்றது. உப்பிலேயே வளர்ந்த புழு அது. உப்பில்லாத தண்ணீரில் போட்டால் செல் தண்ணீரை இழுத்து வீங்கிவிடும். நாங்கள் பார்த்த கோடு புழுவுடையதா, வீக்கத்துடையதா?

“இன்னொரு தடவை போடு” என்றார். குரலில் சத்தே இல்லை.

குட்டைத் தண்ணீரை வேட்டித் துணியில் வடிகட்டி, புதுப் புழுவை அதில் விட்டு, ஸ்லைடு போட்டுப் பார்த்தேன். வளையத்தில் ரோஸ் இருந்தது. மற்ற இடமெல்லாம் லேசாகப் பரவிக் கிடந்தது. கோடு ஒன்றுகூட இல்லை. போஸ்ட் போச்சு என்று நினைத்தேன்.

“என்ன தெரியுது?”

“லைன் இல்ல சார்.”

அவரும் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

“ஒரு குடம் தண்ணியில தண்டவாளம் போட்டு, குட்டைத் தண்ணியில அதைக் கரைச்சுட்டியேம்மா!”

“அப்ப என் போஸ்ட், சார்?”

“லைன் இல்லாம அது எப்படித்தான் வெளியே போய்ச் சேருதுன்னு இனிமே யார் பாக்கிறது, நானா? நீதான் பாக்கணும்.”

போஸ்ட் எனக்குத்தான் என்று புரிந்ததும் அங்கேயே அழுதுவிட்டேன்.

நாங்கள் அதைக் கண்டுபிடிக்கவில்லை. நான் ரிட்டயர் ஆன பிறகு வேறு யாரோ கண்டுபிடித்தார்கள். தண்டவாளமும் இல்லை, ஒன்றும் இல்லை. கோயில் கொடைக் கூட்டத்தில் மாட்டியவனைப் போல அந்த ரோஸ் அங்குமிங்கும் இடிபட்டு அலைந்து, விளிம்பில் வாசல் அகப்பட்டால் வெளியே போகிறதாம். படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன்.

லேபுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். யாராவது ‘நல்ல’ என்றால், எது நல்லது என்று வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள். அடுத்தவர் ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் இருக்கும்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு ஓடிப்போய், போஸ்ட் நிரந்தரமான கதையை மூச்சுவிடாமல் சொன்னேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, காலிக் குடத்தை எட்டிப் பார்த்தாள்.

“அப்ப இனிமே புழு உப்புத் தண்ணியே குடிச்சுக்கிடும்லா?”