அழுதது என்று எழுதிய சீட்டு

வடகவுஞ்சியில் பூண்டு பயிரிடும் ராஜகுமாரிக்குக் கொடைக்கானலில் ஒரு சிறிய தனியார் ஆஸ்பத்திரியில் காலை ஏழு மணிக்கு ஆண் குழந்தை பிறந்தது. அழுகைச் சத்தம் கேட்கவில்லை.

"அழுதானா ஜெயா?"

அங்கே நர்ஸாக இருந்த ஜெயப்பிரியா அவளோடு பத்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். அவளை நம்பித்தான் ராஜகுமாரி இங்கே வந்திருந்தாள்.

"பொறந்தவுடனே அழுதாண்டி. நீதான் மயக்கத்துல கெடந்த."

குழந்தை பால் குடிக்கவில்லை. துணி மாதிரித் துவண்டு கிடந்தது. "நாளைக்குச் சரியாயிரும்" என்றாள் ஜெயப்பிரியா. மாலையில் வலிப்பு வந்த பிறகுதான் மதுரைக்கு அனுப்பினார்கள்.

மதுரை டாக்டரம்மா கொடைக்கானலில் கொடுத்தனுப்பிய சீட்டைப் படித்தார். 'பிறந்ததும் நன்றாக அழுதது' என்று ஜெயப்பிரியாவின் கையெழுத்தில் இருந்தது. குழந்தையைப் பரிசோதித்தவர் சீட்டை மடித்து வைத்தார்.

"பொறந்தப்ப மூச்சுத் திணறியிருக்கும்மா. ஆறு மணி நேரத்துக்குள்ள வந்திருந்தா உடம்பைக் குளிர வச்சு மூளை பாதிப்பைக் குறைக்கப் பாத்திருக்கலாம்."

"இப்ப வைங்கம்மா."

"நேரம் கடந்திருச்சு."

வலிப்புக்கு மருந்து கொடுத்து, பதினெட்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தார்கள். வீடு திரும்பிய வாரமே ராஜகுமாரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு கொடைக்கானல் நாயுடுபுரத்தில் ஜெயப்பிரியாவின் வீட்டுக்குப் போனாள்.

"எங்க ஆஸ்பத்திரி டாக்டர்தான் அப்படி எழுதச் சொன்னாருடி. வேலை போயிரும்னு பயந்துட்டேன்."

"சீட்டுல என்னத்தையும் எழுதிட்டுப் போ. எங்கிட்ட ஏன் பொய் சொன்ன? காதுல ஒரு வார்த்தை போட்டிருந்தா வெரசா கார் புடிச்சு மத்தியானத்துக்குள்ள மதுரை போயிருப்போம்ல?"

ஜெயப்பிரியா அழுதாள். ராஜகுமாரிக்கு அந்த அழுகையைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஆஸ்பத்திரி மேல் சுகாதாரத் துறையில் புகார் கொடுத்தாள். விசாரணையில் ஜெயப்பிரியா அவள் முகத்தைப் பார்க்காமல், "குழந்தை அழுதுச்சு சார்" என்றாள். வீட்டில் ஒப்புக்கொண்டதை அங்கே மறுத்தாள். முதல் பொய்யைப் பயம் என்று மன்னிக்க முயன்று கொண்டிருந்த ராஜகுமாரி, அன்றோடு அந்த முயற்சியை விட்டாள். சீட்டில் எழுதியிருந்ததே உண்மை என்று நின்றது. புகாரை முடித்துவிட்டார்கள்.

குழந்தை விக்னேஷுக்கு இப்போது பதினாலு மாதம். வாரம் ஒருமுறை அவனைக் கை கால் பயிற்சிக்குத் திண்டுக்கல்லுக்குக் கூட்டிப் போகிறார்கள். வலது கை இன்னும் முழுதாக விரியவில்லை.

போன செவ்வாய்க்கிழமை அவன் பிடிமானம் இல்லாமல் தானாக உட்கார்ந்தான். ராஜகுமாரி பழக்கத்தில் போனை எடுத்து ஜெயாவின் பெயரைத் தேடினாள். நினைவு வந்ததும் விரல் நின்றது. பிறகு தோட்டத்தில் இருந்த புருஷன் வேல்ராஜைக் கூப்பிட்டுச் சொன்னாள்.