அரை மார்க் டீச்சரின் நாக்கு

கணக்கு டீச்சருக்குப் பள்ளிக்கூடத்தில் அரை மார்க் டீச்சர் என்று பெயர். எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர் என்பார்களே, மார்க் விஷயத்தில் அந்த ரகம். விடை சரியாக இருந்தாலும் அடிக்கோடு கோணலாக இருந்தால் அரை மார்க் போய்விடும். பத்துக்குப் பத்து என்று அவர் கையெழுத்தில் யாரும் பார்த்ததில்லை.

ஐம்பத்தைந்து வயதில் அவருக்கு வாய் எரிய ஆரம்பித்தது. காலையில் ஒன்றும் இருக்காது. இரண்டாவது பீரியடில் நாக்கு நுனியில் தொடங்கும். கடைசி மணி அடிப்பதற்குள் கொதிக்கிற காபியை அப்படியே விழுங்கிய மாதிரி நாக்கு, உதடு, அண்ணம் எல்லாம் எரியும். கண்ணாடியில் பார்த்தால் நாக்கு சுத்தமாக இருந்தது. ரத்தப் பரிசோதனையிலும் குறையில்லை. "ஒண்ணுமே இல்லையே" என்று மூன்று டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். ஸ்டாஃப் ரூமில் ஒருத்தி, "பிள்ளைங்களைத் திட்டின வாய், எரியாம என்ன பண்ணும்?" என்று சிரித்தாள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்.

பேசப் பேச எரிச்சல் கூடியதால், இருக்கிற பேச்சையெல்லாம் வகுப்பிலேயே செலவழித்துவிட்டு, வீட்டில் சைகையால் காலம் தள்ளினார். அவருடைய கணவர் பஸ் டிரைவர். முப்பது வருஷமாக டீச்சரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். முதலில் அப்பாடா என்றுதான் இருந்தது அவருக்கு. ஆறு மாதம் போனதும் அவரும் பேச்சைக் குறைத்துக்கொண்டார். இந்த மனுஷனோடு இனிமேல் ஊமையாகவே வாழ வேண்டுமோ என்று டீச்சர் பயந்தார். வேலை போவதைவிடப் பெரிய பயம் அது.

கடைசியாகப் போன பல் மருத்துவமனையில் டாக்டர் ஒரு சின்னப் பெண். "இந்த எரிச்சல் நரம்புல வர்றதும்மா. கண்ணுக்குத் தெரியாது, ஆனா நிஜம்" என்றாள். அதுவே பாதி மருந்தாக இருந்தது. "எவ்வளவு எரியுதுன்னு பத்துக்கு ஒரு மார்க் போடுங்க."

டீச்சர் யோசித்தார். பத்து என்றால் அதற்கு மேல் எரியவே முடியாது என்று அர்த்தம். அதற்கு என்ன ஆதாரம்?

"அஞ்சரை."

"அப்போ ஜெல் தடவிப் பாருங்க. ஏழுக்கு மேல இருக்கறவங்களுக்குத்தான் இங்க லேசர் வைக்கறோம்."

டீச்சர் எழுந்துவிட்டார். போட்ட மார்க்கை மாற்றுகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. கூட வந்திருந்த கணவர்தான் கதவு வரை போய்த் திரும்பினார்.

"டாக்டர், இவ அஞ்சரைன்னா ஊர்க் கணக்குல ஒம்பது. பிரசவ வலிக்கே நாலுதான் போட்டிருப்பா."

டாக்டர் சிரித்தாள். டீச்சரின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டு, "அப்படியாம்மா?" என்றாள். டீச்சர் தலையை ஆட்டினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

லேசர் என்றால் அறுப்பார்கள் என்று நினைத்திருந்தார். பேனா மாதிரி ஒரு கருவிதான். கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டு, நாக்கில் ஒவ்வொரு இடமாகச் சில நொடிகள் சிவப்பு வெளிச்சம் காட்டினார்கள். சூடுகூட இல்லை. வாரம் ஒரு தடவை. மூன்று வாரம் ஒரு மாற்றமும் தெரியாமல், "டார்ச் அடிச்சு அனுப்பறாங்க" என்று முணுமுணுத்தார். ஐந்தாவது வாரம் மத்தியானம் வரை எரியவில்லை. பத்தாவது முடிந்தபோதும் எரிச்சல் முழுசாகப் போகவில்லை. "ரெண்டு" என்றார். டாக்டர் மூன்றரை என்று எழுதிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் கணவர் ஈரத் துண்டைக் கட்டில்மேல் போட்டார். டீச்சர் ஆரம்பித்தார். துண்டில் தொடங்கி, செருப்பு, தொலைத்த சாவி, கணவருடைய தம்பி கல்யாணத்தில் நடந்தது வரை போய்விட்டார். கணவர் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வாய் எரியலையா?"

"வாய் எரியல. உங்களைப் பாத்தா வயிறுதான் எரியுது."

"அப்ப சரி" என்று கணவர் எழுந்துபோய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். "குடிச்சிட்டு மிச்சத்தையும் சொல்லு."